வழியில் நின்ற மோட்டார் சைக்கிள்: ஜி.டி.நாயுடுவின் கதை

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்டக் கலெக்டர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. பவுர்ணமி அன்று கிரிவலத்துக்கு வருகிறவர்கள், வேலூர், போளூர்ப் பக்கத்திலிருந்து இந்த வழியாகத்தான் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள்.

அப்படி ஒரு பவுர்ணமி நாள். மாலை நேரம். பழைய காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று டப், டப் என்று வந்தது. திடீரென்று இருமியது. நின்றுவிட்டது.

ஓட்டி வந்தவருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவர் பதறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். பிளக்கைக் கழற்றினார். அதில் கரி அடைத்திருந்தது. துணியால் துடைத்து, ஊதி, மறுபடி மாட்டினார். இரண்டு உதை உதைத்தார். வண்டி கிளம்பிவிட்டது!

சுற்றி ஏழெட்டுப் பையன்கள் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி போன பிறகும் அவர்கள் நகரவில்லை.

அந்தப் பையன்களைப் பார்த்தபோது எனக்கு ஒருவருடைய ஞாபகம் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, கோவைக்குப் பக்கத்தில், இதே போல வழியில் நின்ற ஓர் இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளை வேடிக்கை பார்த்தவர் அவர். அன்று அந்த வண்டி நிற்காமல் போயிருந்தால், அவர் யார் என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

அவர்தான் ஜி.டி.நாயுடு.

கலங்கல் கிராமத்துப் பிள்ளை

கோவை மாவட்டத்தில் சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி துரைசாமி பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி. தாயாரைச் சிறு வயதிலேயே இழந்துவிட்டார்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றால் வேப்பங்காய். வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய கதையைக் கோவைப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். ஆரம்பப் படிப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டார். தோட்டத்து வேலை, ஊர் சுற்றல், இவைதான் பொழுதுபோக்கு. இந்தப் பிள்ளை உருப்படாது என்றுதான் ஊரார் நினைத்திருப்பார்கள்.

அந்த நாளில் கிராமத்துக்கு மோட்டார் சைக்கிள் வருவது சாமானியமான காரியம் அல்ல. சாலையில் மாட்டு வண்டியைத் தவிர வேறு எதுவும் போகாது. அப்படிப்பட்ட ஊருக்கு ரெவினியூ அதிகாரியான ஒரு வெள்ளைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, காலால் மிதிக்கவும் இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறது!

அந்த வண்டி ஊருக்கு அருகில் நின்றுவிட்டது. அதிகாரி கீழே இறங்கி, தாமே பழுது பார்க்க உட்கார்ந்தார். சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் கந்தைத் துணியும் கேட்டார். ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தவர் நம் துரைசாமி. இப்படித்தான் அவருடைய வரலாற்றைச் சொல்கிறவர்கள் சொல்கிறார்கள்.

அப்போது அவருடைய வயதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். பதினாறு என்பார்கள் சிலர். ஆனால் அந்த வண்டி 1912-ம் ஆண்டு மாடல். ஆகவே அவருக்குப் பத்தொன்பது, இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். பையன் என்று சொல்வது பாசத்தினால்தான்.

அதிகாரி வண்டியைச் சரி செய்துகொண்டு புறப்பட்டுப் போனார். துரைசாமிக்கு அதன் பிறகு வேறு நினைவே இல்லை. அந்த மாதிரி ஒரு வண்டி தமக்கு வேண்டும். அதுவும் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்!

ஓட்டலில் மூன்று ஆண்டு

ஆசை இருக்கிறது. காசு? தந்தையிடம் கேட்டால் கிடைக்கக்கூடிய பொருளா அது?

துரைசாமி கலங்கலை விட்டுக் கோவைக்குப் போனார். அங்கே ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் இட்லி, பகலில் சாப்பாடு, மாலையில் காபி. எச்சில் இலை எடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு, அவர் கனவு கண்டது ஒரு இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளை! வேறு சில்லறை வேலைகளும் செய்தார். கிடைத்த கூலியைச் செலவழிக்காமல் சேர்த்தார்.

ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல. மூன்று ஆண்டு.

மூன்று ஆண்டுக்குப் பிறகு, கையில் சில நூறு ரூபாய் சேர்ந்தது. அதைக் கொடுத்து ஆசைப்பட்ட அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். அந்தக் காலத்தில் சில நூறு ரூபாய் என்றால் ஒரு குடும்பம் நிலம் வாங்கிப் போடலாம். ஊரில் உள்ளவர்கள் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

அதைவிட ஆச்சரியம் அடுத்து நடந்தது. வண்டியை வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் போகவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிவிட்டார்!

உள்ளே என்ன இருந்தது?

அந்த வண்டியின் பெயர் ரட்ஜ். இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற நகரத்தில் செய்யப்பட்டது. ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனி முதலில் கால் மிதி சைக்கிள் செய்து பேர் வாங்கிய கம்பெனி. 1911-ம் ஆண்டுதான் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டில், 1914-ல், மான் தீவில் நடக்கும் புகழ்பெற்ற பந்தயத்தில் ரட்ஜ் வண்டி முதல் பரிசைத் தட்டிக்கொண்டது.

பார்த்தால் தடித்த சைக்கிள் மாதிரிதான் இருக்கும். நடுவில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் கொள்ளளவு 499 சி.சி., ஏறக்குறைய அரை லிட்டர். சிலிண்டருக்குள் மேலும் கீழுமாக ஓடும் ஒரு பிஸ்டன். பெட்ரோல் ஆவியும் காற்றும் உள்ளே வர ஒரு வால்வு. எரிந்த புகை வெளியே போக ஒரு வால்வு. பொறி கொடுக்க மாக்னெட்டோ. பெட்ரோலையும் காற்றையும் கலக்கக் கார்புரேட்டர். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக ஒரு பெல்ட். அவ்வளவுதான் சங்கதி!

எஞ்சின் செய்கிற வேலையும் நான்குதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோல் ஆவியை உறிஞ்சும். மேலே ஏறி அதை அமுக்கும். பொறி பட்டு அது வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி மேலே ஏறிப் புகையை வெளியே விரட்டும். உறிஞ்சு, அமுக்கு, வெடி, விரட்டு. இன்று வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் வண்டிகளும் இந்த நான்கு வேலையைத்தான் செய்கின்றன.

துரைசாமிக்கு இங்கிலீஷ் புத்தகம் படித்து இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. கழற்றினார், பார்த்தார், மாட்டினார். அந்த எஞ்சினே அவருக்கு வாத்தியார். வாத்தியார் மீது மண்ணை வீசியவர் இந்த வாத்தியாரிடம் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டார்.

கழற்றியதை மறுபடி பூட்டியபோது வண்டி ஓடியது. கோவையில் ஒரு மெக்கானிக் பிறந்துவிட்டார்!

நம்பிக்கையான வண்டி எது?

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துவோம். வழியில் நிற்கிற வண்டிக்கு இவ்வளவு பெருமையா என்று வீட்டில் யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான்.

பழைய இங்கிலீஷ் வண்டிகள் அடிக்கடி தொந்தரவு கொடுத்தது உண்மை. 1912-ம் ஆண்டு வண்டிகளில், ஓட்டுகிறவரே சில மைலுக்கு ஒரு தரம் கையால் பம்பை அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். மழை பெய்தால் பெல்ட் வழுக்கும். வெயிலில் தொய்யும்.

பின்னால் வந்த வண்டிகளில் சங்கிலி வந்தது. கியர் பெட்டி வந்தது. ஆனாலும் எண்ணெய்க் கசிவு மட்டும் போகவில்லை. எஞ்சினின் கூட்டை நெட்டுக்குத்தாக இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு வழியாக எண்ணெய் கசியும். வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாவிட்டால், உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தம் என்று கேலி செய்வார்கள்!

இவ்வளவு குறை இருந்தும், அவற்றை நம்பினார்கள். முதல் உலகப் போரில் இங்கிலீஷ் ராணுவத்துத் தூதர்கள் டிரையம்ப் என்ற மோட்டார் சைக்கிளிலும் சேதி கொண்டு போனார்கள். அதுவும் ஒற்றைச் சிலிண்டர் வண்டி, 550 சி.சி. சேற்றிலும் குண்டு மழையிலும் ஓடிய அந்த வண்டிக்கு, நம்பிக்கையானவன் என்றே செல்லப் பெயர் வைத்தார்கள்.

காரணம் என்ன? நிற்காத வண்டி ஒரு வகை. நின்றால் நம் கையாலேயே கிளப்பிவிடக்கூடிய வண்டி இன்னொரு வகை. பழைய இங்கிலீஷ் வண்டி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. எங்கே நோவு என்று காதால் கேட்டே சொல்லலாம். ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். இந்த இரண்டில் எது மேல் என்று கேட்டால், அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு முதல் வகைதான் மேல். அதை மறைப்பதில் பயனில்லை.

இங்கிலாந்தில் இந்த வண்டிகளின் கதை சோகமாக முடிந்தது. ரட்ஜ் மோட்டார் சைக்கிள் உற்பத்தி 1939-ல் நின்றது. 1960-க்குப் பிறகு ஜப்பான் வண்டிகள் வந்தன. பொத்தானை அழுத்தினால் கிளம்பின, எண்ணெய் கசியவில்லை. இங்கிலீஷ் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின.

ஆனால் ஒரு இங்கிலீஷ் வண்டி தமிழ்நாட்டில் தப்பிப் பிழைத்தது. ராயல் என்பீல்டு புல்லட்! 1955-ம் ஆண்டு சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி மறைந்த பிறகும், திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயிற்று. 2010 வாக்கில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. 2020-ல் புகை விதிகள் கடுமையானபோது கார்புரேட்டருக்குப் பதிலாக, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பெட்ரோலைத் தெளிக்கும் முறை புல்லட்டுக்கும் வந்துவிட்டது. புது வண்டி எண்ணெய் சிந்துவதில்லை. வழியில் நிற்பதும் குறைவு. நின்றால் மட்டும், வேட்டியை மடித்துக் கட்டிப் பயன் இல்லை!

பர்மிங்காம் நகரத்தில் 1898-ல் பிறந்த நார்ட்டன் கம்பெனியை 2020-ல் வாங்கியதும் யார் தெரியுமா? ஓசூரில் வண்டி செய்யும் நம் டி.வி.எஸ். கம்பெனிதான். வெள்ளைக்காரரின் வண்டிக்கு மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்த காலம் எங்கே, இது எங்கே!

பஞ்சில் வந்தது, பஞ்சாய்ப் பறந்தது

மறுபடி துரைசாமியிடம் வருவோம்.

மெக்கானிக் வேலையோடு அவர் நிற்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சு வியாபாரம் சூடு பிடித்தது. திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். நல்ல லாபம் வந்தது. அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பெரிய பஞ்சு வியாபாரிகளோடு மோதினார். முழுவதையும் தோற்றார்!

வெறுங்கையோடு ஊர் திரும்பியவர், கோவையில் பெரிய தொழில் அதிபராக இருந்த சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற இங்கிலீஷ்காரரிடம் போனார். ஸ்டேன்ஸ் அவருடைய திறமையை அறிந்தவர். அவருடைய உதவியால் ஒரு பஸ் கிடைத்தது. வருமானத்திலிருந்து கடனை அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. டிரைவர் யார்? துரைசாமிதான். பழுது பார்ப்பவர்? அவரும் துரைசாமிதான். ரட்ஜ் வண்டியைக் கழற்றிப் பூட்டிய கைக்கு பஸ் எஞ்சின் புதிது அல்ல.

ஒரு பஸ் இரண்டாயிற்று. இரண்டு பத்தாயிற்று. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று கம்பெனி வளர்ந்தது. யு.எம்.எஸ். என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் இல்லை. 1933-ம் ஆண்டு அந்தக் கம்பெனியிடம் 280 வண்டிகள் இருந்தன. நாட்டிலேயே மிகத் திறமையாக நடந்த பஸ் கம்பெனி என்று பேர் வாங்கியது. இருபது ஆண்டுக்கு முன்பு ஒரு வண்டிக்காக ஓட்டலில் பரிமாறியவரிடம் 280 வண்டிகள்!

கழற்றிப் பார்க்கும் பழக்கம்

ஜி.டி.நாயுடு பணக்காரர் ஆன பிறகும் கழற்றிப் பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. வெளிநாடுகளுக்குப் போனார். போன இடத்தில் தொழிற்சாலைகளைத்தான் சுற்றிப் பார்த்தார். காமிராவும் கையோடு போயிற்று. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார்.

தாடி மழிக்க ஒரு சின்ன மின்சாரக் கருவி செய்தார். ரேசன்ட் என்று அதற்குப் பெயர். பாட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் ஒன்று அதற்குள் இருந்தது. மிக மெல்லிய சவரப் பிளேடு செய்தார். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு எந்திரம் என்று அவர் செய்தவை பல. ஓட்டு எந்திரத்தை அவர் எவ்வளவு முன்னாலேயே நினைத்துவிட்டார், பார்த்தீர்களா? ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார்.

இவற்றை எல்லாம்விடப் பெரிய காரியம் 1937-ல் நடந்தது. கோவை பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்சாலையில், பாலசுந்தரம் நாயுடு என்ற திறமைசாலியுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே முதலாவது உள்நாட்டு மின்சார மோட்டாரைச் செய்தார். அதுவரை மோட்டார் என்றால் கப்பலில்தான் வரவேண்டும். பாலசுந்தரம் நாயுடு பிறகு தாமே டெக்ஸ்டூல் என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

பள்ளி போகாதவர் கல்லூரி முதல்வர்

1945-ம் ஆண்டு கோவையில் என்ஜினீயரிங் கல்லூரி ஏற்பட்டது. அப்போதைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் அமைந்த அந்தக் கல்லூரிக்கு முதல்வர் யார் தெரியுமா? ஆரம்பப் படிப்போடு நின்ற ஜி.டி.நாயுடு!

அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. என்ஜினீயர் ஆவதற்கு நான்கு ஆண்டு எதற்கு, பட்டறையில் கையை அழுக்காக்கிப் படித்தால் இரண்டு ஆண்டு போதுமே என்று வாதாடினார். சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்புத்தான் அங்கேயும் நடக்கிறது. இந்த வாதத்தில் அவர் சொன்னது முழுவதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பாலம் கட்டுகிறவருக்குக் கணக்கும் வேண்டும். ஆனால் ரட்ஜ் எஞ்சினிடம் படித்தவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

1952-ல் இன்னொரு ஆசை. இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். சாமானியக் குடும்பமும் கார் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஆனால் அதைச் செய்ய சர்க்கார் லைசென்சு கொடுக்கவில்லை. அந்தக் கார் ரோட்டுக்கு வராமலே போயிற்று. கிராமத்து இளைஞன் மூன்று ஆண்டு எச்சில் இலை எடுக்காமல் ஒரு வண்டி வாங்கியிருக்கலாம். அதுதான் நடக்கவில்லை.

வயல் பக்கமும் அவர் கவனம் போயிற்று. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் பருத்திச் செடிகளை வளர்த்துக் காட்டினார். என்ன இருந்தாலும் விவசாயி மகன் அல்லவா?

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரால் காட்சிசாலை இருக்கிறது. அவர் சேகரித்த, செய்த பொருள்களை அங்கே காணலாம். 2015-ல் அவருடைய குடும்பத்தார் பழைய கார்களுக்கென்று ஒரு காட்சிசாலையையும் திறந்தார்கள். கோவைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், வேங்கிக்கால் பக்கத்து வயல்களுக்குப் போகலாம். அங்கே கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எந்த ஊரில் செய்தது என்று அதன் தகட்டில் பாருங்கள். பல தகடுகளில் கோயம்புத்தூர் என்று எழுதியிருக்கும்.